முதல் நோன்பில் குடித்த தண்ணீர்

என் மகள் முதல் நோன்பு பிடித்தபோது அவளுக்கு ஒன்பது வயது. கல்முனைப் பக்கத்தில் பிள்ளையின் முதல் நோன்பு வீட்டுக்கு ஒரு சின்ன விசேஷம். பின்னேரம் சொந்தக்காரர் வருவார்கள், புதுச் சட்டை வரும், நோன்பு திறக்கும்போது பிள்ளைக்கு நடுவில் இடம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அன்றுதான் முதல் நோன்பு. யார் முடிப்பது என்று இருவருக்கும் மதிலுக்கு மேலால் பந்தயம்.

பெரியவர்கள் நாங்கள் வெயிலை யோசிக்கவில்லை. மாசி மாதம், காலையில் குளிர வேண்டிய காலம். சில வருடங்களாக அப்படியில்லை. சித்திரை வெக்கை மாசியிலேயே வந்துவிடுகிறது. பிள்ளைகளை வெயிலில் விட வேண்டாம் என்று வானிலை அறிவித்தல் வந்திருந்தது. அதை வாசித்துவிட்டுத்தான் விடியுமுன் மகளைச் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினேன்.

நோன்பு விடுமுறையிலும் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பு நிற்காது. தகரக் கூரைக்குக் கீழே படித்துவிட்டு, உச்சி வெயிலில் இருவரும் நடந்து வந்தார்கள். வழியில் அடுத்த வீட்டுப் பிள்ளை வாந்தியெடுத்து மதிலில் சாய்ந்துவிட்டாள். என் மகள் அவளைக் கைத்தாங்கலாகப் பக்கத்துக் கடை நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் கேட்டாள். மற்றவள் குடிக்க மறுத்தாள்.

"என்ட நோம்பு போயிடும். எல்லாரும் சிரிப்பாங்க."

என் மகள் போத்தலை வாங்கித் தான் முதலில் குடித்தாள்.

"இப்ப ரெண்டு பேரும் ஒண்டுதான். குடி புள்ள."

அவள் குடித்தாள். இதையெல்லாம் சொன்னவர், இருவரையும் ஓட்டோவில் ஏற்றி வந்த கடைக்காரர். ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளைக்குச் சேலைன் ஏற்றினார்கள். உடம்பு சூடு ஏறியிருந்தது, நிழலும் தண்ணீரும் நேரத்தோடு கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர்.

பின்னேரம் வீடு நிறைய ஆட்கள். நடந்தது வந்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. புதுச் சட்டையோடு வந்த கணவரின் அக்காவிடம் மகள் தானாகவே, "நான் தண்ணி குடிச்சிட்டன் மாமி" என்றாள்.

"அப்ப என்ன மகள், அரை நோம்புக்கு முழுச் சட்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள்.

"ஓம் மாமி. பாதியா வெட்டித் தாங்க. மத்தப் பாதி ஆஸ்பத்திரியில கிடக்கிறவக்கு."

பிள்ளை முழு நோன்பு பிடித்தாள் என்று சொல்லத்தான் இவ்வளவு பேரையும் அழைத்திருந்தேன். அதைவிடப் பெரிய செய்தி இப்போது என்னிடம் இருந்தது. வகுப்பு விட்டதிலிருந்து ஒன்றும் விடாமல் சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்திருக்கும்.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். மாமி நகர்ந்து நடுவில் இடம் விட்டார். தட்டிலிருந்த முதல் பேரீச்சம்பழத்தை எடுத்து என் மகளின் கையில் வைத்தார்.