நெடி இல்லாத பாத்ரூம்

திருப்பதியில் வீடு இருந்தால் மலைக்குப் போகிற உறவினர்கள் எல்லாரும் நம் பாத்ரூமில் குளித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவர்கள் வருவதற்கு முன் அம்மா அதைக் கழுவுவாள். பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் ஆசிட் ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பாள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மாவுக்கோ வீசிங்.

"நெடி ஏறினாத்தான்டி சுத்தம்" என்பாள்.

நான் மருந்துத் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். லேசாக நெடி வந்தாலே அங்கே வேலையை நிறுத்திவிடுவோம். பசுமை வேதியியலின் கொள்கைகள் சுவரிலேயே ஒட்டியிருக்கின்றன. கழிவை அள்ளுவதைவிட உண்டாக்காமல் இருப்பது மேல். தீங்கு குறைந்த பொருள் போதுமானால் அதையே எடு. விபத்துக்கு இடம் தராத பொருளைத் தேர்ந்தெடு. இவற்றை வீட்டில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அத்தை வருவதாகச் சொன்ன அன்று ஆசிட் தீர்ந்திருந்தது. நான் நிம்ம உப்பு வாங்கிவந்தேன். சிட்ரிக் அமிலத்துக்கு இங்கே கடைகளில் அதுதான் பெயர். டைல்ஸில் இருந்தது வெறும் போர் தண்ணீர்க் கறை. சுடுநீரில் கரைத்து ஊற்றி, கொஞ்சம் ஊறவிட்டுத் துடைத்துக் காட்டினேன். கறை போனது.

"பரவால்லியே" என்றாள் அம்மா. நிம்மதியாகத் துணி காயப்போட மாடிக்குப் போனேன்.

இறங்கும்போது இருமல் சத்தம். நிம்ம உப்புத் தண்ணீர் மீதியிருந்த பக்கெட்டில் அம்மா பிளீச்சிங் பவுடரையும் கொட்டியிருந்தாள்! வெளியே இழுத்துவந்து, ஜன்னலைத் திறந்து, இன்ஹேலரைக் கையில் கொடுத்தேன். மூச்சு திரும்பியதும் முதல் பேச்சு:

"ஆசிட்டா ஊத்துனேன்? நீ நல்லதுன்னு குடுத்ததத்தானே போட்டேன்?"

"இதுவும் ஆசிட்தாம்மா!"

"போடி. சர்க்கரப் பாகுல போடறது அது."

இனி விளக்க எனக்குத் தெம்பில்லை. தெருவில் கால்வாயோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்த மாநகராட்சி ஊழியரைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுப் பவுடரையும் டப்பாவோடு கொடுத்தனுப்பினேன். ஜாக்கிரதையாக இரு என்று தினமும் கத்துவதைவிட, வீட்டில் அது இல்லாமல் இருப்பது சுலபம்.

சாயங்காலம் வந்த அத்தை பாத்ரூம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணி, நெடியே காணோம்? கழுவலியா? பிளீச்சிங் இருந்தா குடு, நானே தூவிக்கிறேன்."

அம்மாவின் நெஞ்சில் இன்னும் விசில் அடித்துக்கொண்டிருந்தது. என்னை முறைத்துக்கொண்டே சொன்னாள்:

"வூட்ல இல்ல. எங்கூட்டு கெமிஸ்ட்ரிக்காரி குடுத்து அனுப்சிட்டா. இங்க இனிமே மூச்சு வுடறதுக்கு மட்டுந்தான் பர்மிஷன்."