ஷார்ஜாவில் ஒரு இத்தாலிய மலை ஊர்

ஷார்ஜாவுக்கு வெளியே மண்ணைக் கொட்டிக் குன்று எழுப்பி, அதன்மேல் பழைய இத்தாலிய மலை ஊர் ஒன்றை அப்படியே கட்டிக்கொண்டிருக்கிறோம். வசதியானவர்கள் வாங்குவதற்கு. வரைபடம் போட்டது நான்.

அசல் ஊரில் சந்துகள் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடிகிற அளவுக்கு ஒடுக்கம், அடிக்கடி வளைவு. கடல்வழி வரும் கொள்ளையர்கள் கூட்டமாக நுழையக் கூடாது என்று கட்டியது. பார்க்க அழகாக இருந்ததால் நானும் அதே அளவை வைத்தேன்.

இன்று காலை உச்சியில் கல் பதித்துக்கொண்டிருந்த செல்வராசு வெயிலில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் முதல் வளைவிலேயே திரும்பவில்லை. கூட வேலை பார்க்கும் மாரிமுத்து அவரை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். செல்வராசு இன்னும் ஐசியூவில்தான் இருக்கிறார்.

"வழிய எதுக்கு சார் இவ்ளோ ஒடுக்கமா வச்சீங்க?" என்று மாரிமுத்து கேட்டார்.

"அந்தக் காலத்துல வெளியாளுங்க ஏறி வரக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்கண்ணே."

"அப்ப சரியாத்தான் சார் கட்டியிருக்கோம்."

அகலப்படுத்தலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அசல் அழகு கெட்டுவிடுமாம்.

இத்தாலிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அந்த அசல் ஊரில் ஒருவர் மயங்கி விழுந்தால் எப்படிக் கீழே இறக்குகிறார்கள்?