மார்கழியில் எழுதிய மூன்று லேபிள்கள்

துரை வாத்துத் தோல்களில் கட்டியிருந்த மூன்று லேபிள்களையும் படித்துவிட்டு மேசையை ஓங்கி அறைந்தார். "மூணும் பெட்டை! இதைக் குப்பையிலே போடு. மாரப்பா, துப்பாக்கியை வச்சிட்டுப் போ. இனிமே வராதே."

"ரைட்டரு வயித்தைக் கீறிப் பாத்துத்தான எழுதியிருப்பாருங்க. என் கண்ணுதான் ஏமாந்துபோச்சுங்க தொரை" என்று மாரப்பண்ணன் துப்பாக்கியைக் கீழே வைத்தார். லேபிள் எழுதிய ரைட்டர் நான்தான். துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

முப்பதுகளில் கோயமுத்தூரில், பறவை சேகரிக்கும் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் எனக்கு வேலை. மாரப்பண்ணன் சுட்டுக் கொண்டுவருவதைத் தோலுரித்துப் பஞ்சடைத்து லேபிள் கட்டுவேன். அந்த வருஷம் துரைக்குக் குடுமி வாத்துப் பைத்தியம். முக்குளித்து இரை தேடும் இந்த வாத்தில் வளர்ந்த ஆண் கறுப்பு, விலா மட்டும் வெள்ளை. பெட்டை முழுக்கத் தவிட்டு நிறம். இளம் ஆணும் முதலில் பெட்டை மாதிரியேதான் இருக்கும். குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறகு மாறும். அந்த மாற்றத்தைக் காட்ட மாதம் மூன்று இளம் ஆண் வேண்டும், பெட்டையைச் சுட்டால் வேலை போய்விடும் என்பது துரையின் கண்டிப்பு.

மார்கழியில் மாரப்பண்ணன் சூலூர்க் குளத்திலிருந்து மூன்றைக் கொண்டுவந்தார்.

"பொட்டையாட்டவே இருக்குதுங்களே அண்ணா?" என்றேன்.

"இல்லீங்க, சாவலுங்க. நாலு நாளாப் பாத்துப்போட்டுத்தான் சுட்டேன். எதுக்கும் கீறிப் பாத்துருங்க."

கீறிப் பார்ப்பதுதான் தொழில்முறை. முதுகெலும்பை ஒட்டி ஆணின் விதை இருக்கும். இளசுக்கு அரிசியளவுதான், லென்ஸ் வைத்துத் தேட வேண்டும். அன்றைக்கு அவிநாசியில் மாமன் வீட்டு விருந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் எனக்குச் சொல்லித் தருவதா என்ற திமிர் வேறு. நிறத்தைப் பார்த்துப் 'பெண்' என்று எழுதிக் கட்டிவிட்டு, உரித்த உடல்களை நாய்க்குப் போட்டேன்.

துரை குப்பையில் போடச் சொன்ன தோல்களை நான் போடவில்லை. செய்த வேலை வீணாகிறதே என்று ஒரு ட்ரேயின் அடியில் வைத்திருந்தேன். தை மாதம் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டினேன். விலாவில் தவிட்டு இறகை விலக்கினால் அடியில் புது வெள்ளை இறகு முளைத்துக்கொண்டிருந்தது. மூன்றிலுமே இருந்தது. அட பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதாவது துரையிடம் ஓடியிருக்க வேண்டும். சொன்னால் என் வேலை போகுமே! பழைய லேபிள்களை அறுத்தேன். 'இளம் ஆண்' என்று தை மாதத் தேதி போட்டுப் புதிதாக எழுதி, சுட்டவர் பெயருக்கு மாரப்பண்ணன் இடத்தில் வந்த ஆளின் பெயரைப் போட்டேன்.

துரை பார்த்துப் பூரித்துப்போனார். "புது ஆள் கெட்டிக்காரன். அந்தக் கிழவனுக்குக் கண்ணே இல்லை" என்றார். நான் தலையாட்டினேன்.

சித்திரையில் சூலூரில் மாரப்பண்ணன் எதிரே வந்தார். பருத்தி மூட்டை தூக்கித் தோளெல்லாம் காய்த்திருந்தது. "ஏனுங்க ரைட்டரு, நல்லா இருக்கறீங்களா? என்னால உங்களுக்கும் அன்னிக்குப் பேச்சு வந்திருக்கும், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்கண்ணா" என்றேன். வந்து நின்ற பஸ்ஸில் அவசரமாக ஏறிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தப்பாக எழுதிவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நான் சூலூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டேன்.