தாய்மாமன் இடுப்பில் இருந்த ரிவால்வர்

என்னிடம் ரிவால்வர் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "யாரையாச்சும் சுட்டிருக்கீகளா?" இல்லை. காகிதத்தைத்தான் சுட்டிருக்கிறேன். அதிலும் பாதித் தோட்டா படாது. ஒரு மனிதனுக்கு நேராக அதை நீட்டாமலே இத்தனை வருடம் ஓடிவிட்டதற்கு, எந்தச் சாமிக்கு என்று தெரியாமலே தினமும் ஒரு கும்பிடு போடுகிறேன்.

எனக்கு ஏலக்காய் வியாபாரம், வீடு அல்லிநகரத்தில். போடிக்கு மேலே மலைக் கிராமங்களில் காய் வாங்கிக் கையோடு பணம் கொடுத்துவிட்டு வருவேன். செக் என்றால் அங்கே யாரும் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ஒருமுறை மலைப்பாதை வளைவில் பைக்கில் வந்தவர்கள் ஜீப்பை மறித்தார்கள். நான் சும்மா பையைக் கொடுத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே! தோளில் வெட்டு விழுந்தது, பையும் போனது.

எனக்குக் கல்யாணம் அமையவில்லை. என் கோபத்துக்கு எவள் வந்து குடித்தனம் செய்வாள் என்று தங்கை சொல்வாள். அவளைக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான். வலது கையைத் தூக்க முடியாமல் கிடந்த நாட்களில் அவள்தான் வந்து தங்கி எனக்குச் சோறு ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திட்டு. அந்தச் சோற்றின் ருசி இன்னும் மறக்கவில்லை.

கை சரியானதும் லைசென்சுக்கு அலைந்தேன். கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டு தேய்ந்ததோ இல்லையோ, என் செருப்பு தேய்ந்தது. கடைசியில் கிடைத்தது. மதுரையில் ஆயுதக் கடைக்காரர் ஒரு பழைய வெளிநாட்டு ரிவால்வரைக் காட்டினார். வயதான எஸ்டேட்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனதாம். குழல் என் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. தோட்டா மட்டும் சுண்டுவிரல் பருமன். கையில் வாங்கினால் பொம்மையோ என்று சந்தேகம் வரும், அத்தனை இலேசு. "நாள் முழுக்க இடுப்புல வச்சிருந்தாலும் தெரியாது சார்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மைதான் என்பது பிறகு வேறு விதமாகத் தெரிந்தது.

இடுப்புக்கு இலேசாக இருப்பது கைக்கு இலேசாக இராது என்பதைச் சுடுகளத்தில்தான் தெரிந்துகொண்டேன். காதை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, விசையை அமுக்கினேன். என் மூக்குக்கு முன்னால் தீ தெரிந்தது. ரிவால்வர் மேலே எகிறி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையை உரித்துவிட்டது. கனமான துப்பாக்கியென்றால் அந்த உதையில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும், இது முழுவதையும் நமக்கே கொடுத்துவிடும் என்று பயிற்சி கொடுத்தவர் சிரித்தார். அடுத்த தோட்டாவுக்கு என் கண் தானாகவே மூடிக்கொண்டது. "கண்ண மூடிட்டுச் சுட்டா யாருக்குச் சார் லாபம்?" என்றார். அன்று மதியம் மெஸ்ஸில் சாம்பார் சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டேன். பரிமாறுகிற பையன் என்னை ஏதோ வெள்ளைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனான்.

வேட்டி கட்டுகிறவன் துப்பாக்கியை எங்கே வைப்பது? எங்கள் பக்கத்து வியாபாரிகள் கட்டுகிற பையோடு கூடிய அகலப் பெல்ட்டில் ஒரு தோல் உறை தைத்து வாங்கிக்கொண்டேன். மேலே சட்டை தொங்கும். "அண்ணாச்சி, ஒரு பக்கம் மட்டும் சட்டை தூக்குதே, தோள் எறங்கிருச்சா?" என்று தையல்காரர் அளவு நாடாவோடு சுற்றிச் சுற்றி வந்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதன் பிறகு என் சட்டைகள் எல்லாம் வலப்பக்கம் கொஞ்சம் நீளம். வேர்வையில் இடுப்பு புண்ணாகும், உலோகத்தில் உப்புப் பூக்கும், எனக்கு ஒரு எண்ணெய் அதற்கு ஒரு எண்ணெய் என்று ராத்திரி வைத்தியம் நடக்கும். எலெக்ஷன் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். அந்த நாட்களில் கடைத்தெருவில் நடக்கும்போது வேட்டி கட்டாமல் வந்துவிட்டேனோ என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

தங்கைக்கு ரொம்ப நாள் காத்திருந்து ஒரு பெண் பிறந்தது. பார்க்கப் போய் மடியில் வாங்கினேன். குழந்தை புரண்டது, கன்னம் என் இடுப்பில் இடித்தது. ரோஜாப்பூ நிறத்தில் ஒரு தடிப்பு. அழுகையில் வீடே கூடிவிட்டது. தங்கை பிள்ளையை வாங்கிக்கொண்டு நிதானமாகத்தான் சொன்னாள். "அண்ணே, காது குத்துக்கு நீ சீர் கொண்டு வா, வெறுங்கையோட வா, அது ஒன் இஷ்டம். அந்தச் சனியன் மட்டும் இடுப்புல இருக்கக் கூடாது. இருந்துச்சு, எம்மக ஒன் மடியில உக்கார மாட்டா."

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். பிள்ளை இல்லாத எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

தேவதானப்பட்டிக்கு அப்பால் ஒரு தோப்புக்குள் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில். தட்டுத் தட்டாகச் சீர், மேளம், பட்டு வேட்டி, எல்லாம் ஜோராகப் போய்ச் சேர்ந்தோம். காது குத்த ஆசாரி வந்து தயாராக இருந்தார். பாயில் சம்மணம் போட்டு உட்காரக் குனிந்தேன். அடிவயிற்றில் ஏதோ குத்தியது. காலையில் பெல்ட்டைக் கட்டும்போது கை தன் பழக்கத்துக்கு அதையும் சேர்த்துச் சொருகியிருக்கிறது. அல்லிநகரத்திலிருந்து அங்கே வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லை.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்குல்லண்ணே?"

"மறந்துட்டேன் ஆத்தா."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அதைவிட நாலு அறை கொடுத்திருக்கலாம்.

இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்காரலாம் என்றால் சட்டம் விடாது. காரில் பூட்டி வைக்கவும் கூடாது. வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடும். பக்கத்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். பட்டு வேட்டியும் சந்தனமுமாக ஒருவன் ரிவால்வரை ஒப்படைக்க வந்து நின்றால் யார்தான் பதறமாட்டார்கள்? "எலெக்ஷன் ஒண்ணும் இல்லையே சார்?" என்றார் அங்கிருந்த ஏட்டு. இன்ஸ்பெக்டர் அம்மா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார், அவர் வராமல் வாங்க முடியாது. பெஞ்சில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார்.

"மச்சான், நேரம் முடியப் போகுது. உங்க பெரியப்பா மகனை உக்கார வைக்கலாம்னு பெரியவுக சொல்றாக."

"உக்கார வைங்க மாப்ளே. பிள்ளைக்கு நல்ல நேரம் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஸ்டேஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். தோளில் வெட்டு வாங்கினபோதுகூட நான் அழவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்து விஷயத்தைக் கேட்டார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். கணவரின் ஊர் கம்பமாம், வழக்கமெல்லாம் தெரிந்தவர். தோட்டாவை இறக்கச் சொல்லி, தானே நின்று எழுத வைத்து, ரசீதைக் கையில் கொடுத்தார். "நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. இப்ப ஓடுங்க, பிள்ளை காத்திருக்கும்" என்றார். இனி யார் காத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

கடைசிப் பந்தியிலாவது உட்காருவோம் என்று போனேன். பந்தலில் ஒருவர் வாயிலும் சோறு விழவில்லை. இலை போட்டபடியே கிடந்தது. ஆசாரி ஒரு மரத்தடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பசியில் பெரியவர்கள் முகமெல்லாம் கடுகடுவென்று இருந்தது. பாய்க்குப் பக்கத்தில் தங்கை குழந்தையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் காது வெறுமையாக இருந்தது.

"நல்ல நேரம் போயிருச்சே ஆத்தா" என்றேன்.

"நல்ல நேரம் நாளைக்கும் வரும்ணே. இவளுக்கு நீ ஒருத்தன்தான மாமன்? இங்கன வந்து உக்காரு."

சட்டையைத் தூக்கி இடுப்பை அவளுக்குக் காட்டினேன். பார்த்துவிட்டுத்தான் குழந்தையை என் மடியில் இறக்கினாள். ஊசி ஏறியதும் அந்தச் சின்ன உடம்பு ஒரு உதை உதைத்தது பாருங்கள், என் ரிவால்வர் தோற்றது. கண்ணை மூடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் போய் வாங்கி வந்தேன். இப்போது அது வீட்டு இரும்புப் பெட்டியில்தான் அதிகம் இருக்கிறது. மலையிலும் போனில் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. என்னைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு அதற்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் தங்கைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது. சொன்னால் அதற்கும் ஒரு திட்டு விழும்.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காமயகவுண்டன்பட்டி வீட்டில் நான் நுழைந்தால் ஓடி வருவாள், ஆனால் உடனே மடியில் ஏறமாட்டாள். இரண்டு கையாலும் என் இடுப்பைச் சுற்றித் தட்டிப் பார்ப்பாள். எந்தச் செக்போஸ்ட்டிலும் என்னை இத்தனை கறாராகச் சோதித்ததில்லை. நானும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். முடித்ததும், "அம்மா, இல்ல!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்திவிட்டு, தொப்பென்று என் மடியில் வந்து விழுவாள்.