புகைந்த விளக்கு

சல்லிக் கிராமத்தில் கமலேஸ்வரியை நல்ல மனசுக்காரி என்று சொல்லாதவர் இல்லை. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று சனம் நினைத்தது. உண்மையில் அது வெட்கம்.

இது தொடங்கியது சண்டைக் காலத்தில். நகரத்திலிருந்து தேங்காயெண்ணெய் வருவது நின்றுபோனது. ஊரில் விளையும் கஜு, அதாவது முந்திரிப் பருப்பு, வாங்க வரும் யாவாரிகளும் வரவில்லை. எண்ணெய் இல்லை, பருப்போ கிடந்து பூச்சி பிடிக்கிறது. கோயில் பொங்கலுக்கு அம்மன் விளக்கு எரிய வேண்டுமே. பருப்பிலேயே எண்ணெய் எடுப்போம் என்று வேலிக்கு இரு பக்கமும் இரண்டு பெண்கள் இறங்கினார்கள்.

பாக்கியரத்தினம் பொறுமைசாலி. கோது நீக்கி, தோலுரித்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மிதக்கிற எண்ணெயை அகப்பையால் வழித்து, நீர் வற்றக் காய்ச்சுவாள். நாள் முழுக்க அடுப்படியில் வெந்தால் ஒரு சின்னப் போத்தல் கிடைக்கும். கமலேஸ்வரிக்கும் பொறுமைக்கும் எட்டாப் பொருத்தம். இடித்ததைச் சூடாக்கிச் சாக்கில் கட்டி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே அம்மியை ஏற்றி நசித்தாள். சட்டி நிறைய வடிந்தது. பாக்கியக்கா எண்ணெய் எடுக்கிறாவோ கஞ்சி காய்ச்சுறாவோ என்று வேலிக்கு மேலால் பகிடி வேறு.

கஜுக் கோதில் ஒரு கறுத்த பால் உண்டு. தோலில் பட்டால் பொள்ளும், எரிந்தால் புகை கண்ணைக் கரிக்கும். அந்த அவசரக்காரி பருப்போடு ஒட்டிக் கிடந்த கோதுத் துண்டுகளைப் பொறுக்காமலே இடித்துவிட்டாள். விரல் நுனி பொள்ளியபோதே அவளுக்குத் தெரியும். ஆனாலும் இவ்வளவு எண்ணெயை ஊற்றி எறிய மனம் வரவில்லை.

கோயிலில் எல்லார் எண்ணெயும் ஒரே குடத்தில்தான் சேரும். அன்று விளக்கேற்றியதும் கரும்புகை கிளம்பியது. சனம் கண்ணைக் கசக்கியது. அம்மனின் முகத்தில் கரி படிந்தது. கோயில் தலைவர் தம்பிராசா, தண்ணீரில் அவித்த எண்ணெய் புகையாமல் என்ன செய்யும் என்றார். எல்லாக் கண்ணும் பாக்கியரத்தினத்தின் மேல் திரும்பியது. கமலேஸ்வரி பொள்ளிய விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடைய மௌனம் ஒரு வருடம் தாக்குப்பிடித்தது. விரல் ஆறிவிட்டது, ஆனாலும் அம்மியையும் பலகையையும் அவள் மறுபடி தொடவில்லை.

அடுத்த பொங்கலுக்கு முதல் நாள் பாக்கியரத்தினம் போத்தலோடு வந்தாள்.

"போன முறை என்ர கைப்பிழையால அம்மன்ர முகம் கறுத்துப் போச்சு. நான் குடுத்தா வாங்கமாட்டினம். அம்மனுக்கு வைச்ச நேர்த்திக்கடன் பிள்ளை, விட ஏலாது. உன்ர பேரில குடு."

கமலேஸ்வரி போத்தலை வாங்கிக்கொண்டாள். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். போன வருடப் புகைக்குப் பயந்து, இந்த முறை குடத்தில் கலக்காமல் அவள் எண்ணெயைத் தனியே ஏற்றினார்கள். சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது. நசித்த எண்ணெய் என்றால் இப்படித்தான் என்று தம்பிராசா மெச்சினார். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"இது பாக்கியக்காவின்ர எண்ணெய். போன வருசம் புகைஞ்சது என்ர எண்ணெய்" என்றாள்.

தம்பிராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஆருக்கு மனசு வரும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கமலேஸ்வரி விரல்களை விரித்துக் காட்டினாள். அவற்றில் ஒரு தழும்பும் இல்லை.

பாக்கியரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கைகளைப் பிடித்தாள்.

"எனக்காக ஏன் பிள்ளை கோயிலில வைச்சுப் பொய் சொன்னனீ?"