லோரியிலிருந்து இறங்கிய நான்கு பேர்

திங்கட்கிழமை காலையில் என் வேனுக்குள் ஏறிப் பாருங்கள். பள்ளிக்கூடச் சப்பாத்துக்குப் பூசிய வெள்ளை இன்னும் காயாத வாசம் மூக்கைப் பிடிக்கும். ஈப்போவில் பதினாறு வருஷமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். இந்த வாசத்துக்கு மட்டும் பழகவில்லை. கோப்பெங் பக்கத்தில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கே இழுத்துப் போய்விடும்.

அங்கே தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கத் தோட்டத்து லோரியில் டவுனுக்குப் போக வேண்டும். லோரி ஓட்டியவர் மாணிக்கம். நல்ல மீசை, நினைத்தால் இப்போதும் பிடுங்கத் தோன்றுகிறது. நான் புதுச் சப்பாத்துப் போட்டுப் போன மூன்றாவது வாரம், மரங்கள் முடிகிற முச்சந்தியில் லோரியை நிறுத்தினார்.

"பொம்பளப் புள்ளைங்கல்லாம் எறங்குங்க. நாளைக்கி எவன்கூடயாச்சும் ஓடிப்போனா நானா பதில் சொல்றது?"

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. அதுவரை ஓடியதெல்லாம் மாட்டுக்குப் பயந்துதான். நான்கு பேர் இறங்கினோம். பையன்களோடு லோரி போய்விட்டது. டவுன் ஆறு மைல். வீட்டில் போய்ச் சொன்னேன். "சரி, விடு," என்றார் அப்பா. மறுவாரம் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போய் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தேன். பிறகு கையுறைத் தொழிற்சாலை. லைசென்ஸ் எடுத்தது நாற்பதுக்குப் பக்கத்தில், மூன்றாவது சோதனையில். முதல் இரண்டிலும் கம்பத்தைச் சாய்த்தேன்.

இந்த வருஷம் பள்ளி திறந்த அன்று, வேன் நிற்கும் இடத்துக்கு ஒரு கிழவர் பேத்தியைக் கூட்டி வந்தார். மீசை நரைத்திருந்தது, ஆள் அவரேதான். என்னைத் தெரியவில்லை.

"எடம் இருக்காம்மா? பஸ்ஸுன்னா ரெண்டு மாறணும்லா."

"பொம்பளப் புள்ளைய ஏத்தறதில்ல. எவன்கூடயாச்சும் ஓடிப்போனா நானா பதில் சொல்றது?"

பிள்ளையின் காதில் விழுந்திருக்கும். நினைத்தால் கொஞ்சம் வெட்கம். கொஞ்சம்தான்.

கிழவர் என் முகத்தையே பார்த்தார். "நீ... வேலு மவளா?"

"ஆமா."

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒங்கப்பாவும் மத்தவங்களும்தாம்மா எறக்கிவிடச் சொன்னாங்க."

அப்பா இறந்து பல வருஷமாகிறது, கேட்க வழியில்லை. 'சரி, விடு' என்று அவர் அவ்வளவு சீக்கிரம் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே அப்பாவுக்கும் கொஞ்சம் கோபத்தை ஒதுக்கினேன். அதனால் மாணிக்கத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"பிரேக்க மிதிச்சது ஒங்க காலுதானே," என்றேன்.

பேத்தியைக் கைபிடித்து ஏற்றி, என் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தேன். முதல் நாளாயிற்றே, தானும் கூட வருவதாகச் சொல்லிக் கிழவர் ஒரு காலை உள்ளே வைத்தார். பின்னால் இரண்டு இடம் காலிதான்.

"எடமில்ல. எறங்குங்க."

இறங்கினார். கண்ணாடியில் அவர் சிறுத்து மறையும்வரை மெதுவாக ஓட்டினேன். இனித்தது; உங்களிடம் மறைப்பானேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பக்கம் போனேன். எங்களை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு தரம் காறித் துப்பிவிட்டு வர வேண்டும் என்றுதான். தோட்டமே இல்லை. நாங்கள் குடியிருந்த லயங்கள், தமிழ்ப்பள்ளி, மரங்கள் எல்லாம் போய், ஒரே மாதிரி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முச்சந்திகளே ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் வேனை நிறுத்திப் பார்த்தேன். எது எங்களுடையது என்று தெரியவில்லை.