செக்கிங் மேசையில் ஒளித்தொப்பி

எங்கள் தொழிலில் மூளையைவிட முடியைப் பற்றித்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

அண்மை அகச்சிவப்பு ஒளியை மண்டைக்குள் செலுத்தி, திரும்பி வருவதை அளந்தால், மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது என்று தெரியும். பனியன் கம்பெனிப் பெண்களின் கவனம் எப்போது களைக்கிறது என்று ஒரு கல்லூரி ஆய்வு. அந்த ஒளியை அனுப்பும் குட்டி விளக்குகள் பதித்த தொப்பியை அவர்கள் தலையில் மாட்டுவது, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியையான என் வேலை. இதே தொப்பியோடு மாரடிப்பவர்களே, மீதி உங்களுக்குத் தெரியாததா?

வகிடு

துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் பிரிவு சரோஜாவுக்கு அடர்ந்த கூந்தல். தொப்பியின் ஒவ்வொரு விளக்குக்கு அடியிலும் குச்சியால் முடியை விலக்கித் தோலைத் தேட வேண்டும். அரைமணி நேரம் தேடினேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கண்ணை மூடியபடியே சொன்னாள்: "எங்கம்மா போனப்புறம் எந்தலைய ஆரும் இப்பிடி வகுந்து பார்த்ததில்லீங்க."

நேர்கோடு

அவ்வளவு பாடுபட்டும், திரும்பி வரும் ஒளியைக் காட்டும் திரையில் அவள் கோடு அசையவில்லை. முடி ஒளியை விழுங்கிவிட்டது. பின்னால் வந்து நின்ற முதலாளி வேறு கணக்குப் போட்டார். "மண்டைல ஒண்ணுமே ஓடலைங்களே. நாளைல இருந்து வர வேண்டாம்னு சொல்லிரலாங்களா?"

சரோஜாவின் முகம் செத்துப்போயிற்று. நான் தொப்பியைக் கழற்றி, கேட்காமலே அவருடைய வழுக்கையில் மாட்டினேன். நாடித்துடிப்புக்கூடக் கோட்டில் துள்ளியது. "வழுக்கைல ஒளி சுலபமாப் போயிருமுங்க. இத வச்சு ஆளை நிறுத்தறதுன்னா, முடி இருக்கறவங்க அத்தனை பேரையும் நிறுத்தோணுங்க" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் தொப்பியைப் பிய்த்தெடுத்துக் கத்தினார்: "சிரிச்சது போதும், பீஸைப் பாருங்க!"

பட்டியல்

மறுநாள் என்னை அறைக்கு அழைத்தார். எங்கள் பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; எந்த எண் எந்தப் பெண் என்ற பட்டியல் வேண்டுமாம். பெயர் வெளியே போகாது என்று ஒவ்வொருத்தியிடமும் வாக்குக் கொடுத்தவள் நான்.

"தர மாட்டேனுங்க."

"ஏனுங்க டீச்சரம்மா, எம்பட ஆளுகதானுங்களே?"

"நீங்க கூலி குடுக்கறது கைக்குங்க. தலைக்குள்ள இருக்கறது அவங்களோடது."

பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். எத்தனையோ இடங்களிலிருந்து தலைகுனிந்து வெளியே வந்திருக்கிறேன். அன்று குனியவில்லை. டீ நேரம். கேட்டருகே தம்ளரோடு நின்ற சரோஜா, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் தொப்பி மாட்டாத மீதிப் பேரையெல்லாம் ஞாயித்துக்கெழமை எம்பட ஊட்டுக்கு வரச் சொல்லிட்டேனுங்க. நீங்க தொப்பிய மட்டும் எடுத்துட்டு வாங்க டீச்சரம்மா."

நம் ஒளி மண்டை ஓட்டைத் தாண்டிவிடுகிறது, அன்பர்களே. கம்பெனி கேட்டைத் தாண்டத்தான் ஆள்பலம் வேண்டியிருக்கிறது.